வெளிச்சம் பார்க்க எடுத்த படம்

விடிந்தும் விடியாத நேரம். மழை விட்ட பாடில்லை. மைதானம் என்று பெயர்தான். எங்கே காலை வைத்தாலும் கணுக்காலுக்கு மேல் சேறு. பதினோரு படக்காரர்கள் கேமராப் பைகளைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேடையை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். கால் வெளியே வந்தால் செருப்பு உள்ளேயே தங்கிவிடும். கையை விட்டு அதைப் பிடுங்கி, உதறி, மாட்டி, அடுத்த காலை வைக்க வேண்டும். வாசலிலிருந்து மேடை வரை பலகை பரப்பிய நல்ல பாதை ஒன்று இருக்கத்தான் செய்தது. அது பாடகர்களின் வண்டிக்கு. படம் பிடிக்கிறவனுக்குச் சேறே தாராளம் என்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது.

முக்காலி கடைசியாக வந்தாள். ஆள் குட்டை. தடுப்புக்கு மேலே கேமரா எட்ட வேண்டும் என்று போகிற இடமெல்லாம் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு போவாள். பதினாறு வருஷத்தில் பெற்றவர்கள் வைத்த பெயர் போய் அதுவே நிலைத்துவிட்டது. இடது தோளில் முக்காலி, வலது தோளில் பை, கழுத்தில் இரண்டு கேமரா, அவற்றின் மேல் ரொட்டி வாங்கி வந்த பிளாஸ்டிக் உறை. லென்ஸ் துடைக்கிற துணியை மட்டும் ரவிக்கைக்குள் செருகியிருந்தாள். அவள் உடம்பில் காய்ந்திருந்த இடம் அது ஒன்றுதான்.

மேடைக்குப் பின்னால் கூடாரத்தில் விழா நடத்துகிற முதலாளி காத்திருந்தார். வெள்ளைக் காலணி. இப்படி ஒரு நாளில் வெள்ளைக் காலணி போட ஒன்று துணிச்சல் வேண்டும், இல்லை சேற்றில் இறங்க வேறு ஆட்கள் வேண்டும். அவருக்கு ஆட்கள் இருந்தார்கள். கூடாரத்துக்குள்ளும் அவர் தலைக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு ஒரு மேனேஜர் நின்றான்.

"நாம எல்லாரும் ஒரே குடும்பம்," என்று முதலாளி ஆரம்பித்தார். குடும்பம் என்று ஆரம்பித்தால் எதையோ பிடுங்கப் போகிறார் என்று படக்காரர்களுக்குத் தெரியும். "இந்த வருஷம் கூலி கொஞ்சம் கம்மிதான். ஆனா ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் உங்க பேர் வரும். பேர் வந்தா எல்லாம் தன்னால வரும்."

"பேரை வேக வச்சுத் திங்க முடியுமாங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சோம்பேறி என்று எல்லாரும் கூப்பிடுகிற பெரியவர். அவசியம் இல்லாமல் விரலைக்கூட அசைக்க மாட்டார். அவசியம் வந்தாலும் யோசித்துத்தான் அசைப்பார்.

முதலாளி சிரித்துவைத்தார். "எடுக்குற படம் எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். சாயங்காலம் கேமரா கார்டை அப்படியே ஒப்படைச்சிடணும். ஒரு படம் வெளிய போச்சுன்னா, அடுத்த வருஷம் வாசல்லயே நிறுத்திடுவேன். சரியா, குடும்பம்?"

மேடை விளிம்பில் ஒயர்காரர் குந்தியிருந்தார். முக்காலியின் தங்கை புருஷன். தொடை மொத்தத்துக்கு இருக்கும் ஒயர்களை இழுத்து இழுத்து உள்ளங்கை தோல் உரிந்திருந்தது. அவளைப் பார்த்ததும், "அக்கா, இந்தப் பக்கம் வராதீங்க, தண்ணி நிக்குது," என்றார். இரண்டு ஒயர்கள் சேரும் இணைப்பு ஒன்று அவர் காலடியில் குட்டைக்குள் கிடந்தது. முதலாளி அந்தப் பக்கம் வரவும் எழுந்து நின்று அதைக் கைகாட்டினார்.

"சார், இணைப்பு தண்ணிக்குள்ள கிடக்கு. அரை மணி நேரம் கரண்டை நிறுத்தினா, பலகை மேல தூக்கி வச்சு மூடிடலாம்."

"எட்டரைக்கு முதல் பாட்டு. நேரலை போகுது. அரை மணி நேரம் ஜனங்க இருட்டையா பாப்பாங்க?"

"ஆள் கால் வைக்கிற இடம் சார்."

"நீ இருக்கியே, பாத்துக்க மாட்டியா?" முதலாளி அவர் தோளில் தட்டினார். தட்டிய கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே போனார்.

படக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. குழு மேடையேறுவதற்கு முன் வெறும் மேடையைப் பார்த்துக் கேமராவில் நாலைந்து தட்டுத் தட்டுவார்கள். வெளிச்சம் எவ்வளவு, நிழல் எங்கே என்று பார்க்க. அதில் யார் நின்றாலும் எது கிடந்தாலும் கவலையில்லை. அதைப் படம் என்றே யாரும் சொல்வதில்லை. மழை நாளில் நிமிஷத்துக்கு ஒரு வெளிச்சம். அதனால் ஒவ்வொரு குழுவுக்கு முன்னும் இந்தத் தட்டு உண்டு. முக்காலி சுத்தக்காரி. தட்டுவாள், பார்ப்பாள், அந்த நிமிஷமே அழித்துவிடுவாள். கார்டில் குப்பை சேரக் கூடாது என்பது அவள் பிடிவாதம்.

மேடைக்கும் தடுப்புக்கும் நடுவே இரண்டு முழ அகலத்தில் ஒரு சந்து. பதினோரு பேரும் அதற்குள்தான். ஒருவர் முழங்கை இன்னொருவர் விலாவில். நல்ல இடத்தைப் பிடித்தவன் அசைய மாட்டான். எடுத்ததைப் பக்கத்தில் நிற்கிறவனுக்குக் காட்டவும் மாட்டான். காட்டினால் கோணம் திருட்டுப் போய்விடுமாம். தொழிலில் இப்படி ஒரு கேவலம், அதையும் சொல்லிவிட வேண்டியதுதான்.

முதல் குழு வந்தது. கிழித்தே விற்கிற கால்சட்டையைக் காசு கொடுத்து வாங்கிப் போட்டவர்கள். ஏழைகளே எழுங்கள் என்று பாடினார்கள். எழுந்து நிற்க இடமில்லாமல் சந்துக்குள் மண்டியிட்டு மேடை விளிம்பில் ஊன்றியிருந்த முக்காலியின் கையை, பாடியவனே பாட்டு வேகத்தில் மிதித்தான். குனிந்து பார்க்கவில்லை. அடுத்த குழுவின் பாடகி, மழையே என்னை நனைத்துவிடு என்று உருகினாள். அவள் மேல் ஒரு சொட்டு விழாமல் கூரை போட்டு, கூந்தல் பறக்கக் காற்றாடி வைத்திருந்தார்கள். மழை முழுவதும் சந்துக்குள் விழுந்தது. முக்காலி ஒரு கண்ணால் குறிபார்த்து, மறு கண்ணிலிருந்து தண்ணீரை வழித்து வீசி, தட்டிக்கொண்டே இருந்தாள்.

மத்தியானம், மூன்றாவது குழு இறங்கியதும் இடதுபுற ஒலிபெருக்கி செத்தது. மேனேஜர் ஓடி வந்தான்.

"ஒயரை இழுத்துப் பாருய்யா, சீக்கிரம்."

"கரண்டை நிறுத்தச் சொல்லுங்க, இழுக்கிறேன்," என்றார் ஒயர்காரர்.

"நிறுத்தினா எல்லாத்தையும் முதல்லேந்து ஆரம்பிக்கணும். பத்து நிமிஷத்துல பாடுறவங்க வர்றாங்க. அப்படியே தூக்கு."

கையுறையைப் பிழிந்து மாட்டிக்கொண்டு ஒயர்காரர் குனிந்தார். பெரிதாகச் சத்தம்கூட இல்லை. ஒரு சீறல், ஆள் பின்னால் எகிறிப் போய்த் தடுப்பில் விழுந்தார். முக்காலி அப்போது லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தாள். பதினோரு பேரில் ஒருவர் கேமராவும் உயர்ந்திருக்கவில்லை. எல்லாரும் ஓடினார்கள், தூக்கினார்கள், வண்டியில் ஏற்றினார்கள். அவருடைய வலது உள்ளங்கையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

அவள் வண்டியில் ஏறப் போனபோது மேனேஜர் குறுக்கே வந்தான். "நீ போனா உன் இடத்துக்கு ஆள் இல்ல. அவருக்கு டாக்டர் இருக்காரு." அவள் தங்கைக்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டு, நின்றுவிட்டாள். நின்றதற்காகத் தன்னையே காறித் துப்பலாம் போலிருந்தது.

இருபது நிமிஷம்தான். காலையில் கிடைக்காத பலகை எங்கிருந்தோ வந்து குட்டையை மூடியது. சிறு தொழில்நுட்பக் கோளாறு, பொறுத்தமைக்கு நன்றி என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். இரண்டு பிள்ளைகளின் தகப்பனுக்கு விழா நிர்வாகம் வைத்த பெயர் அது.

மழை கொஞ்சம் ஓய்ந்த பிற்பகலில் தங்கை போன் செய்தாள்.

"அக்கா, கை கருகிப்போச்சு. கண்ணு முழிச்சுட்டாரு, ஆனா பேச்சு வரல. இங்க கம்பெனி ஆள் ஒருத்தன் காகிதத்தோட உக்காந்திருக்கான். கையெழுத்துப் போட்டா செலவெல்லாம் அவங்க பாத்துக்குவாங்களாம்."

"என்ன எழுதியிருக்கு? படி."

"குடிச்சிருந்தாரு, யார்கிட்டயும் எதுவும் சொல்லாம, தானாப் போய் ஒயரைத் தொட்டாருன்னு. அவரு குடிக்கவே மாட்டாரேக்கா. நான் என்ன பண்ணட்டும்? போடலைன்னா செலவுக்கு நான் எங்க போவேன்?"

"போடாத. நான் சொல்ற வரைக்கும் பேனாவைத் தொடாத."

சொல்லிவிட்டாள், எதைக் கொண்டு சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கையெழுத்து விழுந்தால் அவர் வாழ்நாள் முழுக்கக் குடிகாரன். எந்த மேடையிலும் ஏற்ற மாட்டார்கள். காலையில் அவர் எச்சரித்ததை முக்காலி காதால் கேட்டாள். ஆனால் வேண்டப்பட்டவள் சொல்வதை எவன் நம்புவான்? அப்போதுதான் சுரீரென்றது. வெளிச்சம் பார்க்கத் தட்டியபோது அவரும் முதலாளியும் அந்தக் குட்டைக்குப் பக்கத்தில்தானே நின்றார்கள்? கேமராவைத் திருகித் திருகிப் பார்த்தாள். கார்டு சுத்தமாக இருந்தது. அவள் சுத்தம் அவள் தலையிலேயே கல்லைப் போட்டிருந்தது.

முக்காலியைக் கீழே எறிந்துவிட்டு, சந்தில் நின்றவர்களிடம் திரும்பினாள்.

"காலையில வெளிச்சம் பாத்தது யார்கிட்டயாவது இருக்கா? நான் எல்லாத்தையும் அழிச்சுத் தொலைச்சிட்டேன்."

பலர் கேமராத் திரையைக் கையால் மறைத்துக்கொண்டார்கள். காட்டுவது வழக்கமில்லையே. பிறகு சோம்பேறி மெதுவாக வாயைத் திறந்தார்.

"நான் எதை அழிச்சேன், இதை அழிக்க? பத்து வருஷக் குப்பை என்கிட்ட இருக்கு. வா, பாரு."

கேமராவின் பின்பக்கத் திரையில் படங்கள் நகர்ந்தன. ஒயர்காரர் குட்டையைக் கைகாட்டுகிறார். எதிரே வெள்ளைக் காலணி. அடுத்ததில் முதலாளி தோளைத் தட்டுகிறார். படத்தின் மூலையில் தேதியும் மணியும் இருந்தன. தேதி மட்டும் போன வருஷத்தது. கடிகாரத்தைத் திருத்த அவருக்குச் சோம்பல்.

"அட, கெட்டுது போங்க," என்றாள் முக்காலி. "இதைக் காட்டினா சிரிப்பாங்க."

"உன் ஒருத்தன் படத்தை எவன் நம்புவான்?" என்று பக்கத்தில் நின்ற தாடிக்காரன் சோம்பேறியிடம் சொன்னான். இருவருக்கும் மூன்று வருஷமாகப் பேச்சு கிடையாது. "நகரு. என்கிட்டயும் இருக்கு. என் மணி சரியா ஓடுது."

ஒரு பிளாஸ்டிக் விரிப்பைத் தலைக்கு மேல் இழுத்துப் பிடித்துக்கொண்டு பதினோரு பேரும் நெருங்கினார்கள். ஒருவனிடம் இடப்பக்கக் கோணம், ஒருத்தியிடம் வலப்பக்கம். ஒன்றில் குட்டையும் இணைப்பும். ஒன்றில் கைகாட்டும் கை. முதல் குழு முடிந்ததும் தட்டியதில் தண்ணீர் ஒரு விரல் ஏறியிருக்கிறது. இரண்டாவது முடிந்ததும் இணைப்பே தெரியவில்லை. ஒன்பது கேமராவில் காலை ஏழு பத்திலிருந்து மத்தியானம் வரை அந்தக் குட்டை முழுசாக இருந்தது. எவனுமே படம் என்று மதிக்காத படங்கள். பக்கத்திலிருந்தவன் எடுத்ததை அத்தனை வருஷத்தில் அன்றுதான் அவர்கள் பார்த்தார்கள்.

படங்கள் கேமராவிலிருந்து போனுக்கு, போனிலிருந்து தங்கைக்கும், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குமாகப் போய்ச் சேர்ந்தன. "அடுத்த வருஷம் வாசல்லயே நிறுத்திடுவான்," என்றாள் ஒருத்தி. அனுப்பிவிட்டுத்தான் சொன்னாள்.

விஷயம் மேடைக்கு மேலே ஏறியது. விளக்கு கட்டுகிறவர்கள் ஒவ்வொருவராக ஏணியிலிருந்து இறங்கி வந்து பார்த்தார்கள். அவர்களில் மூத்தவர், ஏணிக்காரர் என்பார்கள், நேராகப் போய் மின்சாரப் பெட்டியின் கைப்பிடியைக் கீழே இழுத்தார். மேடை செத்தது. கடைசிக் குழு ஏற இன்னும் பதினைந்து நிமிஷம்தான் இருந்தது.

முதலாளி பலகைப் பாதை முடிகிற இடம் வரை வந்தார். அதற்கப்பால் சேறு.

"யார் நிறுத்தினது?"

"தண்ணியில கிடக்குற எல்லா இணைப்பையும் தூக்கி வச்சுட்டுப் போடுறோம்," என்றார் ஏணிக்காரர். "ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்தக் காகிதத்தை ஆஸ்பத்திரியிலேந்து திரும்ப வாங்கணும்."

"எந்தக் காகிதம்? குடிச்சிட்டு வந்து விழுந்தவனுக்கு நான் செலவு பண்றேன், அது தப்பா?"

"அவர் உங்ககிட்ட கைகாட்டிச் சொன்னாரு," என்றாள் முக்காலி. "நீங்க தோளைத் தட்டிட்டுப் போனீங்க. ஒம்போது பேர்கிட்ட இருக்கு."

வெள்ளைக் காலணி ஒரு அடி பின்வாங்கியது. குரலில் தேன் ஊறியது. "கார்டைக் குடுங்க. எல்லாம் கம்பெனிப் படம். கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"பாடுறவங்க படம்தான் உங்களுது. இது வெளிச்சம் பாத்தது," என்றார் சோம்பேறி. "இதுக்கெல்லாம் நீங்க எந்த வருஷமும் கூலி குடுத்ததில்ல."

"நீங்க இல்லைன்னா விழா நின்னுடுமா? போன் வச்சிருக்கவன் எல்லாம் படக்காரன்தான் இப்ப. ஆயிரம் பேர் வருவான்."

"வரட்டும். இந்தத் தண்ணிக்குள்ள வந்து நிக்கச் சொல்லுங்க."

முதலாளி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். காலையில் குடும்பம் என்று அழைத்தவருக்கு ஒருவர் பெயரும் தெரியவில்லை. பெயர் தெரிந்தால் அல்லவா தனியாகக் கூப்பிட்டு ஆசை காட்டலாம். "நீ," என்றார் தாடிக்காரனைப் பார்த்து, "நீ நல்ல பையன் மாதிரி தெரியிற. கார்டைக் குடு." தாடிக்காரன் கேமராவை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டு சோம்பேறியோடு தோளை ஒட்டி நின்றான். மேனேஜர் போலீஸைக் கூப்பிடப் போனைக் காதில் வைத்தான். தடுப்புக்கு அப்பால் கூட்டம் விசிலடித்தது. நட்சத்திரப் பாடகன் கதகதப்பான வண்டிக்குள் உட்கார்ந்தபடி என்ன தாமதம் என்று ஆள் விட்டுக் கேட்டான்.

மழை மறுபடி வலுத்தது. ஒருவரும் ஒதுங்கவில்லை. அப்போது முக்காலியின் போன் அடித்தது.

"படம் வந்துச்சுக்கா. அவருக்கும் காட்டினேன். பேச வரல, கண்ணுல தண்ணியா ஊத்துது. நான் கையெழுத்துப் போடல." தங்கை மூக்கை உறிஞ்சினாள். "அந்த ஆள் போக மாட்டேங்கிறான். எதிர்லயே உக்காந்திருக்கான்."

"உக்காரட்டும்," என்றாள் முக்காலி. "நாங்களும் இங்க நின்னுட்டுத்தான் இருக்கோம்."