இரண்டு படகும் ஒரு கயிறும்

சாப்பாட்டு மேசையில் இரண்டு எவர்சில்வர் தட்டுகளை வைத்து, தீபத்துக்காகப் பிடித்த பொரி உருண்டைகளை அவற்றில் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தேன். தட்டு என்றால் படகு, உருண்டை என்றால் ஆள். இப்படிக் கண்ணெதிரே வைத்துப் பார்த்தால்தான் எனக்கு மண்டையில் ஏறும். பெரிய உருண்டை பச்சையம்மாள். அவளை நடுவில் உட்காரவைக்காவிட்டால் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். ஓரத்தில் இருந்த இரண்டும் பெங்களூரிலிருந்து வந்திருக்கும் புருஷன் பெண்டாட்டி, தண்ணீரைக் கண்டாலே செல்போனை நீட்டிக்கொண்டு எழுந்து நிற்கும் வகை. எதிரே உட்கார்ந்திருந்த சக்கரபாணி அண்ணன் பேச்சு சுவாரஸ்யத்தில் கையை நீட்டி அந்தப் பெரிய உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“அண்ணே, அது உங்க பொண்டாட்டி.”

“அதான் இவ்ளோ கெட்டியா கீதா” என்றார்.

ஆறு ஓடாத ஊரில் படகு வாங்கியவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஆசிரமத்துப் பக்கம் அறைகளை வாடகைக்கு விடும் இந்தச் சக்கரபாணி அண்ணன். இன்னொருவர் என் வீட்டுக்காரர் ராஜமாணிக்கம். பம்புசெட் கடை வைத்திருந்தவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிய பிறகு இந்தக் கிறுக்கு பிடித்தது. பழவேற்காட்டுப் பக்கம் ஒரு பங்களாத் தோட்டத்தில் கோழி அடைந்து கிடந்த இரண்டு மோட்டார் படகுகளை இருவரும் ஆளுக்கொன்றாக லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். தேக்கு மரத்தில் செய்தவை, எங்கள் கல்யாணத்தைவிட வயதில் மூத்தவை. அம்பாசிடர் கார் போல ஸ்டியரிங், பித்தளை ஹாரன், மூடியைத் திறந்தால் கரும்பு ஆலையில் இருப்பது போல ஒரு என்ஜின். வேங்கிக்காலில் வீடு கட்ட வாங்கிய மனையில் ஷெட் போட்டு வருஷக்கணக்கில் ராவினார்கள், தேய்த்தார்கள், எண்ணெய் விட்டார்கள். தெருவில் கேலிக்குக் குறைவில்லை. “ஏரில தண்ணி இல்லேன்னா டயரு மாட்டி கிரிவலம் உடுவீங்களா?” என்று கேட்காதவர்கள் இல்லை.

ஆனாலும் உட்டார்கள். வீராணம் போனோம், பழவேற்காடு போனோம், மழை நன்றாகப் பெய்த வருஷங்களில் அக்கம்பக்கத்து ஏரிகளுக்கும் போனோம். டிராக்டரில் படகை ஏற்றிவிட்டு, வேனில் கூட்டமாகப் பின்னாலேயே போவோம். அவர்கள் என்ஜினைப் பார்ப்பார்கள், ஆளைப் பார்ப்பது நான். யாருக்கு வாந்தி வரும், யார் யாரோடு பேச்சு வார்த்தை இல்லை, எந்த மாமியாரை எந்த மருமகளுக்குப் பின்னால் உட்காரவைப்பது, எத்தனை கிலோ புளிசாதம் என்பதெல்லாம் என் தலையில்தான். என்ஜினுக்கு எண்ணெய் விட்டால் ஓடிவிடும். ஆளுக்கு எதை விடுவது?

இந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. ஊருக்குக் கிழக்கே நெல்லிமேட்டு ஏரி நிரம்பி, கலங்கல் வழியாகத் தண்ணீர் வழிந்து விழ ஆரம்பித்தது. தீபத்தன்று ஊருக்குள் லட்சக்கணக்கான ஜனங்கள் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். நாம் ஏரி நடுவில் இருந்து மலையைப் பார்த்தால் என்ன என்று கேட்டவள் நான்தான். பஞ்சாயத்தில் சொல்லி அனுமதி வாங்கியதும் நான்தான். எல்லோரும் என்னைப் பெரிய ரசனைக்காரி என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்கு வேண்டியது வேறு.

மகள் பூஜா கார்த்திகைக்கு ஓசூரிலிருந்து வந்திருந்தாள். மாப்பிள்ளை சரவணகுமாருக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. அவளும் அவள் அப்பாவும் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. மாப்பிள்ளை வீட்டார் முதன்முதலாக வந்தபோது, இவர் அவர்களை நடுவீட்டில் உட்காரக்கூட விடாமல் ஷெட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். வெயிலில் நிற்கவைத்து, என்ஜின் மூடியைத் திறந்து ஒவ்வொரு பாகமாக விளக்கிக்கொண்டிருந்தார். காபி ஆறிப்போய்விட்டது. பூஜா வந்து, எல்லோர் காதிலும் விழும்படி, “அப்பா, வந்தவங்க முன்னாடி ஒங்க பைத்தியத்த காட்டாதீங்க” என்றாள். அவ்வளவுதான். கல்யாணத்தை ஒரு குறையும் வைக்காமல் நடத்தினார். வருஷா வருஷம் சீர் அனுப்புகிறார். ஆனால் எல்லாம் என் வழியாக. மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும்போது, “கொழம்புல உப்பு கம்மியானு கேளு” என்பார். “ஜாஸ்தியா கீதுன்னு சொல்லு” என்பாள் அவள். நான் எதையும் திருப்பிச் சொல்வதில்லை, இரண்டு பேர் காதிலும்தான் விழுகிறதே. ஆனால் நடுவில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பேச்சும் கிடையாது.

வீட்டில் என்றால் எழுந்து போய்விடுகிறார்கள். இவர் கடைப்பக்கம், அவள் மாடிக்கு. படகில் அப்படி எழுந்து போக முடியாது. அதனால்தான் இவருடைய தட்டில், ஸ்டியரிங்குக்குப் பக்கத்து இடத்தில், இருப்பதிலேயே சின்ன உருண்டையை வைத்திருந்தேன்.

கை கழுவிக்கொண்டு வந்த இவர் தட்டுகளைப் பார்த்தார். எந்த உருண்டை யார் என்று நான் சொல்லவேயில்லை. அந்தச் சின்ன உருண்டையை இரண்டு விரலால் எடுத்து, உடையாமல் அடுத்த தட்டில், சக்கரபாணி அண்ணன் படகில் வைத்தார்.

“அந்தப் படகுல எடை கம்மி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் தீபத்தன்று, சாயங்காலம் நான்கரை மணிக்குப் படகுகள் தண்ணீரில் இறங்கின. நான் காலையிலிருந்து விரதம். தீபம் பார்க்கும் வரை பச்சைத் தண்ணீர்தான். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை ஒவ்வொருவருக்கும் மாட்டி, வாரை இழுத்துப் பார்த்தேன். பூஜாவுக்கு மாட்டும்போது, “அம்மா, நீ போட்ட பிளான் எனக்குத் தெரியும்” என்றாள். சிரிக்காமல் போய்ச் சக்கரபாணி அண்ணன் படகில் ஏறிக்கொண்டாள்.

படகு கரையை விட்டு விலகியதும் மலைப்பக்கம் திரும்பினேன். பிறந்ததிலிருந்து பார்க்கிற மலை. கடைக்குப் போகும்போதும் துணி காயப்போடும்போதும் தலைக்கு மேலே நிற்கிற மலை. அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தே பழகிவிட்டேன். இப்போது அது முழுசாக, அடி முதல் முடி வரை மேற்கே நின்றது. அதற்குக் கீழே தண்ணீரில் இன்னொரு மலை தலைகீழாக இறங்கியிருந்தது. நாங்கள் அதன் உச்சியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். என்ஜின் சத்தம்கூட மரியாதையோடு ஒலிப்பதுபோல இருந்தது. இவ்வளவு பெரியதற்குப் பக்கத்தில் இருந்துகொண்டா உப்புக்கும் புளிக்கும் சண்டை போடுகிறோம் என்று நினைத்தேன். எனக்குக் கண் கலங்கியது, பசியாகவும் இருக்கலாம்.

வெயில் மலைக்குப் பின்னால் போன நேரத்தில்தான் பின்னால் வந்த என்ஜின் நின்றது. ஏரித் தண்ணீரைத்தான் உறிஞ்சி அந்த என்ஜின்கள் தங்கள் சூட்டைத் தணித்துக்கொள்ளும். உறிஞ்சும் குழாயில் பாசி அடைத்துக்கொண்டுவிட்டது. சக்கரபாணி அண்ணன் அவசரத்தில் மூடியைத் திறந்திருக்கிறார். ஆவி அடித்து வலது கை வெந்துவிட்டது. பச்சையம்மாள் “ஐயோ” என்று கத்தியது எங்களுக்குக் கேட்டது. அதோடு, அதுவரை என்ஜின் சத்தத்தில் கேட்காமல் இருந்த இன்னொரு சத்தமும் கேட்டது. கலங்கலில் தண்ணீர் விழுகிற இரைச்சல். அந்தப் படகு மெதுவாக, யாரோ கூப்பிட்டதுபோல, அந்தப் பக்கம் நகர ஆரம்பித்திருந்தது.

இவர் உடனே படகைத் திருப்பினார். கிட்டே போய்க் கயிற்றை வீசினார். அந்தப் படகில் இருந்த பெங்களூர்க்காரர் தடுமாறிப் பிடித்து முன்வளையத்தில் கட்டினார். இழுக்க ஆரம்பித்தோம். பின்னால் இருந்த படகு நேராக வரவில்லை. ஸ்டியரிங்கைப் பிடிக்க ஆள் இல்லாமல் அது ஒரு பக்கமாக ஒதுங்கி, தண்ணீருக்குள் நிற்கிற கருவேல மரங்களை நோக்கி ஓடியது. கயிறு விறைத்து எங்கள் படகின் பின்பக்கத்தையும் அதே பக்கம் இழுத்தது. அந்தப் படகின் ஸ்டியரிங்குக்குப் பக்கத்து இடத்தில் பூஜா உட்கார்ந்திருந்தாள். சக்கரபாணி அண்ணன் கையை மடியில் வைத்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார்.

“ஒம் பொண்ண ஸ்டியரிங்க புடிக்கச் சொல்லு” என்றார் இவர் என்னிடம்.

நான் வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். சொல்லக் கூடாது என்று தோன்றிவிட்டது. தோன்றிய அதே நொடியில் பயமும் பிடித்துக்கொண்டது. பெற்ற மகள் அந்தப் படகில் இருக்கிறாள், இரைச்சல் கேட்கிறது, நான் கல்லுப்பிள்ளையாராக உட்கார்ந்திருக்கிறேன்.

“சொல்லுன்றேன் இல்ல?”

நான் முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டேன். அண்ணாமலையாரே, இந்த மனுஷன் இன்னும் ஒரு தரம் என்னையே கேட்டால் நான் சொல்லிவிடுவேன், அதற்கு மேல் என்னால் முடியாது என்று வேண்டிக்கொண்டேன். கயிறு நறநறவென்றது. கருவேல முள் மரப்பலகையைக் கீறுகிற சத்தம் கேட்டது.

“பூஜா!”

இரண்டு வருஷமாக அந்த வாயிலிருந்து வராத பெயர். அவ்வளவு பெரிய தண்ணீர்ப்பரப்பில் அது போய் மோதித் திரும்பி வந்தது. நாரைகள் சில எழுந்து பறந்தன. பூஜா நிமிர்ந்து பார்த்தாள்.

“ஸ்டியரிங்க புடி! வலது பக்கம் ஒடி! முழுசா ஒடி!”

அவள் தாவி வந்து பிடித்தாள். ஒடித்தாள். படகு திரும்பவில்லை.

“திரும்ப மாட்டேங்குதுப்பா!”

“உடனே திரும்பாது. நீ ஒடிச்சிட்டு கொஞ்ச நேரம் பொறு. அது பெரிசு, அதுக்கு டைம் ஆவும். அவசரப்பட்டு திருப்பித் திருப்பி ஒடிக்காத!”

மெல்ல, ரொம்ப மெல்ல, அந்தப் படகின் மூக்கு மரங்களிலிருந்து விலகியது. விலகி எங்கள் பின்னால் வந்து நேரானது.

“இப்ப விடு. கயித்த பாக்காத, என்னப் பாரு. நான் எங்க போறனோ அங்கியே வா.”

“சரிப்பா.”

இவர் ஒரு கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு உடம்பை முழுக்கப் பின்னால் திருப்பி ஓட்டினார். முன்னால் பார்க்கவேயில்லை. முன்னால் பார்த்தது நான்தான். கலங்கல் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. ஏரியின் நடுவுக்கு வந்துவிட்டோம். கரையில் ஒரு வீட்டிலும் விளக்கு இல்லை. மலையில் ஏற்றும் வரை எங்கள் பக்கம் யாரும் ஏற்ற மாட்டார்கள். ஏரியைச் சுற்றியிருந்த ஊர்களெல்லாம் இருட்டில் காத்திருந்தன.

அப்போது அது வந்தது. மலை உச்சியில் ஒரு பொட்டு. பொட்டு நீண்டு நாக்கானது. “அண்ணாமலையானுக்கு அரோகரா!” என்று பச்சையம்மாள் குரலெடுத்தாள். அந்தக் குரலை வாங்கிக்கொண்டதுபோலக் கரையிலிருந்து ஒரு ஊர், அதற்கடுத்து இன்னொரு ஊர் என்று நாலா பக்கமும் அரோகரா எழுந்து தண்ணீரின் மேல் உருண்டு வந்தது. வாசலுக்கு வாசல் அகல்கள் பற்றிக்கொண்டன. கரை ஒரு பொன் கோடாக ஏரியைச் சுற்றி வந்தது. மேட்டில் பிள்ளைகள் மாவளி சுற்ற ஆரம்பித்தார்கள். வட்டம் வட்டமாகத் தீப்பொறி பறந்தது. ஒவ்வொரு வட்டத்துக்கும் தண்ணீருக்குள் ஒரு வட்டம். திரும்பிப் பார்த்தால் கிழக்கே நிலா, பூஜாவின் தலைக்குப் பின்னால். மேலே வானமா கீழே வானமா என்று தெரியாமல் நடுவில் நாங்கள் தொங்கிக்கொண்டிருந்தோம். கையைத் தூக்கிக் கும்பிட்டேன். செல்போனை நீட்டுவார்கள் என்று நான் நினைத்திருந்த பெங்களூர் தம்பதி, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்கள்.

இவர் என்ஜினை நிறுத்தினார். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே கூப்பினார்.

நாங்கள் நின்றோம். பின்னால் வந்த படகு நிற்கவில்லை. தண்ணீரில் ஏது பிரேக்? அதுவரை விறைத்திருந்த கயிறு தொய்ந்து, வளைந்து, சத்தமில்லாமல் தண்ணீருக்குள் இறங்கியது. நிலா வெளிச்சம் ஏரியில் நீளமாக விழுந்துகிடந்தது. அதை நடுவில் கிழித்துக்கொண்டு படகு எங்களை நோக்கி வந்தது.

“அப்பா, நிக்க மாட்டேங்குதுப்பா! இன்னா பண்றது?”

இவர் பின்சீட்டில் மண்டியிட்டுக்கொண்டார். கும்பிட்ட கைகளைப் பிரித்துத் தண்ணீருக்கு மேலே நீட்டினார்.

“ஒண்ணும் பண்ணாத. வரட்டும்” என்றார். “நான் புடிச்சிக்கிறேன்.”

நிலா வெளிச்சம் இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் ஒதுங்க, அந்தக் கனமான தேக்கு மூக்கு நீட்டிய கைகளுக்கு ஒரு முழ தூரத்தில் வந்துகொண்டிருந்தது.