மே/பா சென்னியப்பன்

மகுடபதி லிஃப்டில் ஏறி மூன்றை அழுத்தினால், கதவு ஈரோட்டில் திறந்தது.

ஓய்வு பெற்ற பிறகு அவரும் மனைவி மரகதமும் ஈரோட்டு வீட்டைக் காலி செய்துவிட்டு, சென்னையில் ஒரு அடுக்குமாடியின் மூன்றாம் மாடிக்குக் குடிவந்திருந்தார்கள். மரகதம் அழுத்தினால் லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்றது. அவர் அழுத்தினால் பழைய வீட்டு வாசல். பஸ் பிடித்துத் திரும்பி வருவார். மறுபடி ஏறுவார்.

அவர் லிஃப்ட் ஆய்வாளராக வேலை பார்த்தவர். லிஃப்ட் எளிய சங்கதி. ஒரு பக்கம் கூண்டு, மறுபக்கம் அதற்குச் சமமாக எடை, இரண்டையும் இணைத்துக் கப்பியில் ஓடும் கம்பிவடம். அது ஈரோட்டுக்குப் போக முடியாது. கம்பிவடம் அவ்வளவு நீளமில்லை.

படியேறியும் பார்த்தார். இரண்டாம் மாடிக்கு மேல் காவிரிப் பாலம் வந்தது.

பக்கத்து வீட்டுச் சென்னியப்பனும் ஈரோட்டிலிருந்து வந்தவர்தான். வங்கியில் ஓய்வு பெற்றவர். அடையாள அட்டையில் விலாசம் மாற்றப் போனார், பெருவிரலை வைத்தார், மாறிவிட்டது. லிஃப்ட் அவரை மாப்பிள்ளையை அழைத்துப்போவதுபோல் மேலே கொண்டுபோனது. இத்தனைக்கும் பொத்தானைக் குடை நுனியால் அழுத்துகிற ஆள்.

மகுடபதி பழைய வீட்டு வாசலில் நிற்கும்போது மரகதம் போன் செய்தாள்.

"ஏனுங்க, எங்க இருக்கீங்க?"

"ஈரோட்டுல."

"மறுக்காவா? காப்பி ஆறிப்போகுமேன்னு பக்கத்து வீட்டுக்காரருக்குக் குடுத்துட்டேனுங்க."

போனில் ஒரு கிரீச் சத்தம் கேட்டது. சாய்வு நாற்காலி. அதன் மரையை முடுக்கியவர் மகுடபதி. எவ்வளவு எடைக்கு எப்படிக் கிரீச்சிடும் என்று அவருக்குத் தெரியும். இது வங்கிக்காரரின் எடை.

விலாசம் மாற்றும் அலுவலகத்துக்குப் போனார். கவுண்டரில் இருந்த அம்மாள் அவர் பெருவிரலை இயந்திரத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இது பழைய விலாசத்து விரல் சார். புது விரல் எங்க?"

"வேற விரல் இல்லீங்க."

"அப்ப புது வீட்டு கரன்ட் பில் கொண்டாங்க."

"அது வீட்டுக்குள்ள இருக்குதுங்க. வீட்டுக்குப் போனா ஈரோடு வந்துருதுங்க."

"அப்ப நீங்க இருக்கிறது ஈரோடு. அட்டை சரியாத்தானே இருக்கு?"

மகுடபதி யோசித்தார். அதில் பிழை எதுவும் இல்லை.

"என் சம்சாரம் அங்க தனியா இருக்குதுங்க."

அம்மாள் திரையைப் பார்த்தாள். "தனியா இல்லியே. குடும்பத் தலைவர் சென்னியப்பன்னு வருது."

"அவர் பக்கத்து வீடுங்க."

"காப்பி நேரத்துல யார் இருக்காங்களோ அவங்கதான் சார் தலைவர். ஒண்ணு பண்ணலாம். மே/பா போடலாம். அதுக்கு விரல் வேணாம். தலைவர் சரின்னா போதும்."

மே/பா என்றால் மேற்பார்வை. இன்னொருவர் வீட்டில் தங்கியிருப்பவருக்குக் கடிதம் போடும்போது எழுதுவது. மகுடபதி தன் தம்பிக்கு விடுதிக் காப்பாளர் பெயரோடு அப்படி எழுதியிருக்கிறார்.

அம்மாள் சென்னியப்பனுக்குப் போன் போட்டு மகுடபதியிடம் நீட்டினாள்.

"அட, வாங்க மகுடபதி. இதை உங்க வீடு மாதிரி நெனச்சுக்குங்க," என்றார் சென்னியப்பன். கிரீச் என்றது. "சக்கரை போடலாமுங்களா?"

"அரைக் கரண்டி," என்றார் மகுடபதி. பல்லைக் கடித்த சத்தம் அம்மாளுக்கும் கேட்டது.

அன்று கதவு மூன்றாம் மாடியில் திறந்தது. நாற்காலியில் சென்னியப்பன் இருந்தார். மகுடபதி முக்காலியில் உட்கார்ந்தார். சமையலறையிலிருந்து மரகதம், "ஏனுங்க," என்று கூப்பிட்டாள். இருவரும் திரும்பினார்கள். சென்னியப்பன் கொஞ்சம் முந்திக்கொண்டார்.

இப்போது லிஃப்டில் ஒரு சிக்கலும் இல்லை. ஏறி, மூன்றை அழுத்திவிட்டு, "மேற்பார்வை சென்னியப்பன்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். நேராக வீட்டுக்குப் போய்விடும்.