உப்பு தூக்கல்

போடியில் எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த உணவு ஆலோசகர் அபிஷா, நர்சுகள் ஏழு பேருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்தாள். எதில் இரும்புச்சத்து, எதில் புரதம் என்று இருபது கேள்விகள். பன்னிரண்டு வருடமாக நோயாளிகளிடம் இதைத்தான் கத்திக்கொண்டிருக்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

கடைசியில் தனியாக இரண்டு. ‘நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?’ ‘கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் மனம் சோர்ந்திருந்தது?’

முதல் கேள்விக்குச் சுவரில் தொங்கிய உணவு அட்டவணையைப் பார்த்து எழுதினேன். இரண்டாவதற்கு, ‘ஒரு நாளும் இல்லை.’ கைப்பையில் வரும் திங்கட்கிழமை தேதி போட்ட ராஜினாமாக் கடிதம் இருந்தது. இந்த வேலை எனக்கு உயிர். ஆனாலும் எங்கள் ஊர் ராசிங்காபுரத்தில் பஸ் ஏறும்போதே தினமும் அழுகை வந்தது.

மறுநாள் மதியம் அபிஷா சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தாள்.

“ஏழு பேரும் ஒரே சாப்பாடு சாப்பிட்டிருக்கீங்க. காலையில கேப்பக்கூழு, மதியம் முருங்கக்கீர. பிரேம்சிங் அண்ணே, ராத்திரி சத்து மாத்திர வேற போட்டிருக்கீங்க. இது எத்தனாவது மாசம்?”

சுவரில் இருந்தது கர்ப்பிணிகளுக்கான அட்டவணை. எங்களில் ஒரே ஆண் பிரேம்சிங்தான். மீசையைத் தடவிக்கொண்டே, “கிருபாக்காவப் பாத்து எழுதுனேன்” என்று என்னைக் காட்டிக்கொடுத்தான்.

வயிறு வலிக்கச் சிரித்தோம். எனக்கு மட்டும் சிரிப்பு அழுகையில் போய் முடிந்தது.

“நேத்து வெறும் டீதான் குடிச்சேன். முந்தாநேத்தும்.”

மற்றவர்கள் கதையும் அதுதான். ஒரு மணிக்குப் போடிமெட்டு ஜீப்பில் எஸ்டேட் ஆட்கள் காய்ச்சலோடு வந்து இறங்குவார்கள். டிபன் பாக்ஸைத் திறக்க நாலு மணி ஆகும். அதற்குள் சோறு புளித்துவிடும்.

தாளை வாங்கி, பழைய பதிலை அடித்துவிட்டு, ‘பதினாலு நாளும்’ என்று எழுதினேன். அபிஷா உபதேசம் எதுவும் செய்யவில்லை.

“சாயங்காலம் மனநல டாக்டரப் பாப்போம்க்கா. நானும் வர்றேன். மொதல்ல சாப்பிடுங்க.”

“வெரசா போங்கக்கா. அரை மணி நேரம் ஒங்க வார்டையும் நான் பாத்துக்கிறேன். நாளைக்கு எனக்கு நீங்க பாருங்க” என்றான் பிரேம்சிங்.

டிபன் பாக்ஸைத் திறந்தேன், சோறு இன்னும் புளிக்கவில்லை. ஏலக்காய்க் கடையில் வேலை பார்க்கும் என் கணவர் விஜயராஜ்தான் மூன்று வருடமாக ஐந்து மணிக்கு எழுந்து எனக்குக் கட்டித் தருகிறார். அவருக்கு மதியம் கடையிலேயே சாப்பாடு. நான் தினமும் அதைப் பஸ் ஸ்டாண்டு நாய்களுக்குப் போட்டுவிட்டு, பாக்ஸைக் கழுவி எடுத்துப் போய், நல்லா இருந்துச்சு என்பேன். பாவி நான். இன்று உள்ளே நிஜமாகவே முருங்கைக்கீரை. ஒரு வாய் வைத்ததும் முகம் கோணியது. ஆனாலும் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

சாயங்காலம் பார்த்த டாக்டர் அடுத்த வாரமும் வரச் சொன்னார். வீட்டுக்குப் போனேன்.

“கீர எப்படி இருந்துச்சு?” கணவர் வழக்கம்போலக் கேட்டார்.

“உப்பு தூக்கல்.”

அப்படியே நின்றுவிட்டார். “மூணு வருசமா இதே உப்புதான போடுறேன்?”

எல்லாவற்றையும் சொன்னேன், நாய்கள் உட்பட. கடிதத்தையும் கொடுத்தேன். கத்துவார் என்று பயந்தேன். இரண்டு முறை படித்தார். மடித்து என் கையிலேயே திரும்ப வைத்தார்.

“ஒன் இஷ்டம் கிருபா. திங்கக்கெழம டூட்டிக்குப் போவியா?”

“ஏழு மணிக்குப் போகணும்.”

“அப்ப உப்பக் கொறச்சுப் போடுறேன்.”