அரைக்கட்டை கீழே

கல்லூரியில் அவளுக்கு அந்தப் பட்டப்பெயர் வந்ததற்கு அவள் வாய்தான் காரணம். முதல் வருடம், கேட்டு எழுதும் வகுப்பின் முதல் நாள். ஆசிரியை பியானோவில் ஏதாவது வாசிப்பார், மாணவர்கள் அதைக் காதால் மட்டும் கேட்டு, சுரம் சுரமாக ஐந்து கோட்டுத் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதுதான் அந்த வகுப்பு. வாசிக்கத் தொடங்குமுன் ஆசிரியை இரண்டு கால் முளைத்த ஒரு சின்ன இரும்புத் துண்டைத் தன் முழங்காலில் தட்டி மேசைமேல் ஊன்றினார். ஃபோர்க் என்பார்கள் அதை, எப்போது தட்டினாலும் ஒரே சுரம்தான் தரும். மேசை மெதுவாக முனகியது. "இதுதான் ஏ சுரம். இத வெச்சு மத்ததக் கண்டுபிடிங்க" என்றார். எல்லோரும் பென்சிலை எடுக்க, இவள் மட்டும் கையைத் தூக்கினாள்.

"மேடம், உங்க ஃபோர்க் அரைக்கட்டை ஏறியிருக்கு."

வகுப்பு சிரித்துத் தீர்த்தது. பியானோவில் ஒரு வெள்ளைக் கட்டைக்கும் பக்கத்துக் கறுப்புக் கட்டைக்கும் உள்ள தூரம்தான் அரைக்கட்டை. அவ்வளவு தூரம் ஒரு இரும்புத் துண்டு தானாக ஏறிவிடும் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. "ஃபோர்க் ஏறாதும்மா. இந்தக் கட்டடத்துல ஏறாம எறங்காம இருக்கறது அது ஒண்ணுதான்" என்றார். சாயங்காலம் கேன்டீன் வாசலில் ட்ரம்பெட் வாசிக்கிற வகுப்புத் தோழன் ஒருவன் "அரைக்கட்டை, டீ குடிக்கலாம் வரியா?" என்று கூப்பிட்டான். அதோடு பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது.

அவளுக்கு அழுகையாக வந்தது, ஆனால் சந்தேகம் வரவில்லை. ஏன் வர வேண்டும்? பால் பற்கள் விழுகிற வயதிலிருந்து சத்தங்களுக்குப் பெயர் சொல்லி வந்தவள் அவள். அப்பா பஸ் டிரைவர். விடுமுறை நாளில் அவளை டிப்போவுக்குக் கூட்டிப்போய் நிறுத்தி, ஒவ்வொரு பஸ்ஸின் ஹாரனையும் மெக்கானிக்குகளை அடித்துக் காட்டச் சொல்வார். கண்ணை மூடிக்கொண்டு "இது எஃப், இது ஜி" என்பாள். வீட்டுக்கு வந்து கூடத்தில் இருந்த பழைய பியானோவில் அதே கட்டையை அமுக்கினால் ஹாரன் அப்படியே வரும். மெக்கானிக்குகள் வாயைப் பிளந்தார்கள். "இந்தப் பிள்ளைக்குக் காது எங்க வாங்கினீங்க?" என்று அப்பாவைக் கேட்டார்கள். அப்படிப்பட்ட காதை ஒரு இரும்புத் துண்டு பொய் என்கிறது என்றால் தப்பு இரும்பின் பக்கம்தானே இருக்க வேண்டும்.

ஆனால் கல்லூரியில் எதுவும் சரியாக வரவில்லை. பயிற்சி அறைகளில் இருந்த பியானோக்கள் எல்லாமே பளபளவென்று உயர்ந்து ஒலித்தன. ஏற்கெனவே விரலில் ஊறிய பாட்டு என்றால் தப்பித்துக்கொள்வாள். சேர்க்கைத் தேர்வை அப்படித்தான் தாண்டினாள். பெரிய அறை, புதுப் பியானோ, பயம், அதனால்தான் வேறு மாதிரி கேட்கிறது என்று அன்றைக்குத் தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். புதிதாக ஒன்றைத் தாளைப் பார்த்து வாசிக்கச் சொன்னால்தான் மாட்டிக்கொள்வாள். கண் ஒரு சுரத்தைப் படிக்கும், விரல் அதையே அமுக்கும், காது "அது இல்லை, பக்கத்துக் கட்டை" என்று பிடித்து இழுக்கும். நான்கு வரி வாசிப்பதற்குள் எரிச்சலில் அவளுக்குக் கழுத்து வேர்த்துவிடும்.

முதல் வருடக் கடைசியில் கேட்டு எழுதும் தேர்வில் தோற்றாள். கொஞ்சநஞ்சத் தோல்வி இல்லை, முட்டை. ஆசிரியை தன் அறைக்குக் கூப்பிட்டு இவள் தாளையும் சரியான விடைத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். காதில் பென்சிலைச் செருகிக்கொண்டே திரிவதால் மாணவர்கள் அவரைப் பென்சில் மேடம் என்பார்கள். அந்தப் பென்சிலை உருவி விடைத்தாளைத் தட்டினார்.

"சின்னப் பிள்ளைங்க பாடற பாட்டு இது. எல்லாம் வெள்ளைக் கட்டை. நீ இத்தன கறுப்புக் கட்டைய எங்கேருந்து கொண்டு வந்த?"

"எனக்கு அப்படித்தான் கேட்டுது மேடம்."

"அதத்தான் நானும் பாக்கறேன்." மேடம் இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கினார். "ஒரு சுரம் விடல. தாளத்துல ஒரு தப்பு இல்ல. மத்தவங்க எல்லாம் விட்ட எடத்தக்கூட பிடிச்சிருக்க. ஆனா மொத்தமும் அரைக்கட்டை மேல. எல்லாம் சரி, எல்லாமே தப்பு. இதுக்கு முட்டைய விட்டா நான் என்ன மார்க் போடறது?"

மேடம் கெட்டவர் இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. கெட்டவராக இருந்தால் விடுதிக்குப் போய் நாலு பேரிடம் திட்டித் தீர்த்திருக்கலாம். "இன்னொரு தடவதான் எழுத முடியும். அதுலயும் விட்டா வாசிப்புப் பிரிவுல இருக்க முடியாது, வரலாற்றுப் பிரிவுக்கு மாத்திடுவாங்க. விதி அது, எங்கிட்ட கெஞ்சாத" என்றார். பிறகு இழுப்பறையிலிருந்து அந்த ஃபோர்க்கை எடுத்து நீட்டினார். "வீட்டுக்குப் போனா ஒங்க பியானோகிட்ட இத ஒரு தடவ தட்டிப் பாரு. பாத்துட்டு மறக்காம திருப்பிக் குடு."

வரலாற்றுப் பிரிவு என்றால் அவளுக்குக் குலைநடுக்கம். செத்துப்போனவர்கள் எங்கே பிறந்தார்கள், யாரிடம் கற்றார்கள், யாரோடு சண்டை போட்டார்கள் என்று மனப்பாடம் செய்துகொண்டு கிடக்க வேண்டும், அடுத்த அறையில் யாராவது வாசித்துக்கொண்டிருப்பார்கள். எல்லோருக்கும் பொதுவான வரலாற்று வகுப்பிலும் விதி அவளைச் சீண்டிப் பார்த்தது. முன் காலத்தில் ஊருக்கு ஊர் சுருதி வேறாக இருந்தது, ஒரு ஊரின் ஏ இன்னொரு ஊரில் அரைக்கட்டை மேலேயோ கீழேயோ இருக்கும் என்று ஒரு நாள் வரலாற்று ஆசிரியர் சொல்லிக்கொண்டு போனார். இவள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சார், அப்ப ஏதோ ஒரு ஊர்ல நான் பாஸ்தானே?" என்று கேட்டாள். "தாராளமா. அந்த ஊருக்குப் போயி, அந்தக் காலத்துக்கும் போயி பரீட்சை எழுதும்மா" என்றார் அவர். மறுபடியும் வகுப்பு சிரித்தது. ட்ரம்பெட்காரன் மட்டும் வெளியே வந்ததும் ஆறுதல் சொல்லப் பார்த்தான்.

"எங்க ட்ரம்பெட்டுல சி-ன்னு எழுதியிருந்தா வேற சத்தம்தான் வரும். அதோட பொழைக்கறோம்ல? பழகிக்கோ."

"ஒனக்கு அது கையில இருக்கு. உறைக்குள்ள போட்டுட்டுத் தூங்கப் போற. எனக்குத் தலைக்குள்ள இருக்குடா."

அந்த மாதமே வீட்டுக்குப் போனாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்குப் போய்ப் பியானோவைத் திறந்து ஃபோர்க்கை முழங்காலில் தட்டிப் பலகையில் ஊன்றினாள். ஏ-யை அமுக்கினாள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அசிங்கமாக உரசின. கறுப்புக் கட்டையை அமுக்கினாள். ஃபோர்க்கும் பியானோவும் ஒன்றாகிப் போயின. அப்படியே முக்காலியில் உட்கார்ந்தாள்.

அப்பா சோபாவில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, இது அரைக்கட்டை எறங்கியிருக்கு."

"ஆமா" என்றார் அப்பா.

"ஆமாவா?"

"வாங்கினப்பவே சுருதி கூட்ட வந்த ட்யூனர் சொன்னாரு பாப்பா. மூடற ஹோட்டல்லேருந்து வந்த சாமான், கம்பியெல்லாம் கெழடாயிடுச்சு, முழுசா இழுத்தா அறுந்துடும்னாரு. மொத்தத்தையும் ஒரே சீரா அரைக்கட்டை எறக்கி வெச்சா ஒண்ணும் தெரியாதுன்னாரு." அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தெரியலையே இத்தன வருஷமா?"

உண்மைதான். அந்த உண்மைதான் அவளைக் கொன்றது. டிப்போவில் நின்று அவள் சொன்ன ஒவ்வொரு ஹாரனும் தப்பு. வீட்டு அழைப்புமணி தப்பு. உலகத்துக்கு அவள் வைத்த பெயர் அத்தனையும் தப்பு. அம்மா கையைத் துடைத்துக்கொண்டே உள்ளேயிருந்து வந்தாள். "அதுக்கு என்ன இப்ப? அது அப்படி இருந்ததாலதான் என் தொண்டைக்கு எதமா இருந்துச்சு. நீ வாசிக்க நான் பாடலையா?" என்றாள்.

"எதமா இருந்துச்சா? ரெண்டு காதையும் கோணலா வளத்து விட்டுட்டு எதமா இருந்துச்சாம்! அங்க எல்லாரும் என்னப் பாத்துப் பல்லக் காட்டறாங்கம்மா!"

அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அப்பா நிதானமாகச் செய்தித்தாளை மடித்து வைத்தார். எஞ்சினில் கோளாறு என்றால் பேச்சை விட்டுவிட்டு ஸ்பேனரைத் தேடுகிற மனிதர் அவர். "இப்ப இழுத்து வெச்சா ஒனக்குச் சரியாயிடுமா?" என்று கேட்டார். ஆகுமா ஆகாதா என்று அவளுக்குத் தெரியாது. கோபத்தில் "ஆகும்! இழுத்து வைங்க!" என்று சொல்லி மூடியை அறைந்து சாத்தினாள். உள்ளே இருந்த கம்பிகள் எல்லாம் சேர்ந்து கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டே இருந்தன.

கல்லூரிக்குத் திரும்பி ஃபோர்க்கைக் கொடுத்துவிட்டு, தனக்குத் தானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள். காதில் விழுவதை அரைக்கட்டை கீழே இறக்கி எழுதுவது. கூட்டத்தில் சில்லறை கொடுக்கிற கண்டக்டர் மாதிரி, ஒவ்வொரு சுரத்துக்கும் கழித்துக் கழித்து எழுதினாள். இவள் ஒன்றைக் கழிப்பதற்குள் பாட்டு இரண்டு சுரம் தாண்டிப் போய்விடும். சில நாள் காது நடுவழியில் தானாகவே சறுக்கிச் சரியான இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அது தெரியாமல் இவள் மறுபடி கழித்து வைப்பாள். பென்சில் மேடம் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "முன்னாடி ஒரே தப்பத் தொடர்ந்து செஞ்ச, அதுல ஒரு ஒழுங்கு இருந்துச்சு. இப்ப அதுவும் போச்சு" என்றார். அன்றைக்குப் பயிற்சி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பியானோ மூடிமேல் தலையை வைத்து அழுதாள். சங்கீதத்தைப் பிடித்துப் படிக்க வந்தவளுக்கு ஒரு பாட்டையாவது பாட்டாகக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று நினைவில்லை.

மறுதேர்வு திங்கட்கிழமை. சனிக்கிழமை அப்பா போன் செய்து, "ஒரு எட்டு வந்துட்டுப் போ பாப்பா, ஒண்ணு காட்டணும்" என்றார். குரலிலேயே சிரிப்பு இருந்தது. போனாள். கூடத்தில் பியானோவின் முன்பலகை துடைத்து மினுக்கி இருந்தது. தரையோரத்தில் அறுந்த கம்பிகள் சுருள் சுருளாக ஒரு பழைய துணியில் கிடந்தன.

"அறுந்தா அறுந்துட்டுப் போகட்டும், இழுங்கன்னு சொல்லிட்டேன். ஒண்ணு அறுந்தப்போ அந்த ட்யூனர் துள்ளிப் பின்னால விழுந்தாரு. மேல் பக்கத்துல அறுந்ததெல்லாம் மாத்திட்டாரு. இந்தத் தடிமனான கம்பிதான் கைவசம் இல்ல, அடுத்த வாரம் வரும்." இடது கைப் பக்கத்து ஈ சுரக் கட்டையைக் காட்டினார். "அது ஒண்ணு மட்டும் பேசாது. மத்தது எல்லாம் அச்சு அசல் ஒங்க காலேஜ் மாதிரி. வாசி, வாசி."

உட்கார்ந்தாள். சின்ன வயதிலிருந்து அம்மாவுக்காக வாசிக்கும் பாட்டை வலது கையால் தொட்டாள். எல்லாச் சுரமும் சரி. ஃபோர்க் சொல்வதும் பியானோ சொல்வதும் இப்போது ஒன்றுதான். ஆனால் கட்டைகளின் தேய்வு பழையது, ஓரத்தில் அவள் பல்லால் கடித்த தடம் பழையது, சத்தம் மட்டும் யாரோ அந்நியருடையது. இனிமேல் எந்த வீட்டிலும் எந்தப் பியானோவிலும் அவள் காதில் இருப்பது வராது என்று அப்போதுதான் உறைத்தது. அதை இல்லாமல் ஆக்கச் சொன்னவளும் அவளேதான். அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார், பஸ்ஸை ஒர்க்‌ஷாப்பிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தவர் மாதிரி.

"சரியா இருக்கா பாப்பா?"

"சரியா இருக்குப்பா."

அப்பா திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, துணியில் கிடந்த கம்பிகளைக் கையில் குத்தாமல் சுருட்டி மூட்டை கட்டத் தொடங்கினார். பியானோ நின்றதும், உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா, தன்னையறியாமல் அதே பாட்டைப் பிடித்தாள். அவள் ட்யூனரைக் கேட்கவில்லை, ஃபோர்க்கைக் கேட்கவில்லை. எத்தனையோ வருடமாகப் பாடுகிற இடத்திலேயே, ஒரு மயிரிழை பிசகாமல், அரைக்கட்டை கீழே நின்று பாடினாள்.

மகள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பாட்டு ஈ-யில்தான் தொடங்கும், ஈ-யில்தான் வந்து நிற்கும். பியானோவில் சத்தம் வருகிற எந்தக் கட்டையை அமுக்கினாலும் அம்மா தப்பாகிவிடுவாள். மகளின் விரல் நகர்ந்து கம்பியில்லாத அந்த ஈ-க்கு வந்தது. அம்மா அடியின் முடிவுக்கு வரும்வரை காத்திருந்து அமுக்கினாள். உள்ளே மரச்சுத்தி எழுந்து வெறும் இடத்தைத் தட்டி, டொக்கென்று விழுந்தது. கட்டைக்கு மேல் அம்மாவின் குரல் மட்டும் நின்றது, மகள் காதுக்கு அது ஈ-யாகவே கேட்டது. அம்மா அடுத்த அடியை எடுத்தாள். மகள் விரலை எடுக்காமல் அந்தக் கட்டையின் மேலேயே வைத்துக்கொண்டு, அது முடிவதற்காகக் காத்திருந்தாள்.