யனோவாக் யாருடைய மேடு

வயிற்றெரிச்சல் வந்தால் ஹெம்தாவுக்குச் சோறு இறங்காது. அந்த ஜூலை மாதத்தில் மட்டும் அவள் நான்கு கிலோ இளைத்திருந்தாள்.

காரணம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. ஓடைக்கு இந்தப் பக்கம், புதைந்துபோன பழைய ஊரைத் தேடி ஹெம்தா அகழும் மேடு. ஆப்பிள் தோட்டங்களைத் தாண்டினால் திர்சா அகழும் மேடு. அசீரிய ராஜா கலிலேயாவில் பிடித்த ஊர்களின் பெயரெல்லாம் வேதாகமத்தில் ஒரே வசனத்தில் அடங்கிவிடும். அதில் யனோவாக் என்ற ஊர் எங்கே இருந்தது என்பதில்தான் சண்டை. இரண்டு மேட்டிலும் அதே காலத்துச் சாம்பல், அதே எரிந்த செங்கல், அதே அம்பு முனைகள். பெயர் எழுதிய ஒரு பானைத் துண்டு யார் மேட்டில் கிடைக்கிறதோ அவர்களுக்குத்தான் ஊர். ஹெம்தா பத்தொன்பது கோடைகளாக அந்தத் துண்டைத் தேடுகிறாள். அடுத்த வருஷம் பல்கலைக்கழகம் அவளுக்கு ஓய்வு கொடுத்துவிடும்.

வேறு யாராக இருந்தாலும் பொறுத்திருப்பாள். அது திர்சாவாகப் போய்விட்டது. ஜெருசலேமில் படித்த காலத்தில் இருவருக்கும் ஒரே கூடாரம். முதல் அகழ்வில் ஹெம்தா ஆறு வாரம் ஒரு குழியில் மண்ணைச் சுரண்டினாள். ஒருநாள் வயிற்றுப்போக்கு என்று படுத்தாள். அன்றைக்கு அவள் இடத்தில் உட்கார்ந்த திர்சாவின் கையில், காலை எட்டு மணிக்கு, பெயர் பொறித்த முத்திரை ஒன்று வந்து விழுந்தது. பத்திரிகையில் படம் வந்தது. வேர்வைகூட இல்லாத முகம், பல் தெரியச் சிரிப்பு. நியாயமா இது? அந்தப் படத்தை ஹெம்தா கத்தரித்து வைத்திருக்கிறாள். ஏன் வைத்திருக்கிறாள் என்று கேட்டால் சண்டைக்கு வருவாள்.

சும்மா சொல்லக்கூடாது, வேலையில் ஹெம்தாவை அசைக்க ஆளில்லை. மண்ணிலிருந்து வந்த பானை ஓடு ஒவ்வொன்றையும் முதலில் வாளித் தண்ணீரில் முக்க வேண்டும். இரண்டு பக்கமும் திருப்பி, மை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பிரஷ். அந்தக் காலத்து ஆட்கள் உடைந்த ஓட்டில்தான் சீட்டு எழுதினார்கள். பார்க்காமல் தேய்த்தால் எழுத்து தண்ணீரோடு போய்விடும். இதை மறந்த மாணவர்களை ஹெம்தா கிழி கிழியென்று கிழிப்பாள். அவளுக்கு அவர்கள் வைத்த பெயர் வாளிப் போலீஸ்.

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மேட்டுக்காரர் அடுத்த மேட்டுக்காரரின் முகாமுக்குப் போய் ஓடு பார்ப்பது அந்தப் பக்கத்து வழக்கம். போகிறவர்கள் சும்மா உட்கார மாட்டார்கள், கூட உட்கார்ந்து கழுவுவார்கள். போகாமல் இருந்தால் பேச்சு வரும் என்பதற்காக ஹெம்தா போனாள்.

"வாடி. எலும்பும் தோலுமா ஆயிட்டியே, உன் முகாம்ல சாப்பாடு போடுறதில்லையா?" என்றபடி திர்சா தர்ப்பூசணியும் உப்புப் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்து வைத்தாள். அந்த வாரம் நகர வாசல் கிடைத்திருக்கிறதாம். பக்கத்திலேயே காவல் அறை, முழுசாக எரிந்து, அப்படியே இருக்கிறதாம். அதைச் சொல்லும்போது அவள் பெருமையடிக்கவில்லை. ஏதோ கடையில் தக்காளி மலிவு என்பதுபோலச் சொன்னாள். அதுதான் ஹெம்தாவுக்குப் பொறுக்கவில்லை. பத்தொன்பது வருஷத்தில் அவளுக்கு ஒரு வாசல் கிடைத்ததில்லை.

வலை நிழலில், கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து ஹெம்தா கழுவ ஆரம்பித்தாள். காவல் அறையிலிருந்து வந்த கூடை. திர்சா எழுந்து போனில் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். உள்ளங்கை அகல ஓடு ஒன்றை ஹெம்தா முக்கித் திருப்பினாள்.

மை. கறுப்பாக, கோணலாக, இரண்டு வரி. பழைய எபிரெய எழுத்தை அவள் செய்தித்தாள் மாதிரி வாசிப்பாள். யனோவாக்கின் வாசலுக்கு, எண்ணெய் இரண்டு குடம்.

முதலில் வந்தது சந்தோஷம். அதைச் சொல்லியே ஆகவேண்டும். ஒரு மூச்சு நேரம் அவள் மேடு, இவள் மேடு என்று எதுவும் இல்லை. ஊர் இருக்கிறது, இங்கேதான் இருக்கிறது. அடுத்த மூச்சில் திர்சாவின் சிரிப்பு காதில் விழுந்தது. இதுவும் இவளுக்கா? ஹெம்தாவின் வலது கையில் பிரஷ் இருந்தது. நான்கு தேய். தண்ணீர் கொஞ்சம் கறுத்தது, பிறகு சாதாரணச் சேற்றுத் தண்ணீராகிவிட்டது. ஓட்டைத் தட்டில் மற்றவற்றோடு காய வைத்துவிட்டு அவள் அடுத்ததை எடுத்தாள். கை நடுங்கவில்லை. நடுங்காததுதான் பின்னால் அவளைத் தூங்கவிடாமல் செய்தது.

ஓடுகள் காய்ந்ததும் மேஜையில் பரப்பினார்கள். விளிம்பும் கைப்பிடியும் உள்ளவற்றைத் திர்சா ஒதுக்கினாள். பானையின் வயிற்றுப் பக்கத்து வெறும் துண்டுகளை எண்ணிவிட்டு, எல்லா முகாமிலும் செய்கிறபடி, மேட்டுக்குப் பின்னால் இருந்த கழிவுக் குவியலில் தானே கொண்டுபோய்க் கொட்டினாள். அந்த ஓடும் அதில் போயிற்று.

ஆகஸ்ட் கடைசியில் குழிகளை மூடுகிற அன்று திர்சா ஹெம்தாவின் மேட்டுக்கு வந்தாள். கையில் எள்ளு கேக் இரண்டு. நிழலில் உட்கார்ந்து கறுப்புக் காபி ஊற்றிக்கொண்டாள்.

"எங்க வேலை இதோட முடிஞ்சுதுடி. காவல் அறையை அடிவரைக்கும் எடுத்தாச்சு, பேரைக் காணோம். அறிக்கையில எழுதிட்டேன், எங்க மேடு யனோவாக் இல்ல, உன்னோடதுதான்னு. உன் கோட்டைச் சுவர்தான் பெருசு. நீ உழைச்ச, உனக்கே போகட்டும்."

நாற்பது வருஷத்துக்கும் மேலாக ஹெம்தா கேட்கக் காத்திருந்த வார்த்தை. கேட்டதும் காபி கசந்தது. அறிக்கை அச்சாகிவிட்டால் ஊர் தப்பான மேட்டில் உட்கார்ந்துவிடும். படிக்கப்போகிற பிள்ளைகள் எல்லாரும் இங்கே வந்து நிற்பார்கள். அந்த ஊருக்காகவே அவள் கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்தாள்.

"எழுதாத. உன்னோடதுதான் யனோவாக்," என்றாள் ஹெம்தா. "ஓட்டுல எழுதியிருந்துச்சு. அந்த வெள்ளிக்கிழமை. நான் படிச்சேன், படிச்சுட்டுத் தேய்ச்சு அழிச்சுட்டேன்."

திர்சா கோப்பையைக் கீழே வைத்தாள். "எங்க அந்த ஓடு?"

"நீதான் குவியல்ல கொட்டின."

திர்சா கத்துவாள், அறைவாள் என்று ஹெம்தா காத்திருந்தாள். அறைந்தால் தேவலை என்றுகூட இருந்தது. திர்சாவின் கண் நிறைந்தது.

"வேற யாராவது சொல்லியிருந்தா நம்பியிருப்பேன். வாளிப் போலீஸ் மையைத் தேய்ச்சாளாம். தோத்தவளைத் தேத்துறதுக்கு இப்படி ஒரு பொய்யா? உன் பேரையே கெடுத்துக்கிட்டு?"

ஹெம்தா அந்த இரண்டு வரியைச் சொன்னாள். பென்சிலை வாங்கி, கேக் கட்டியிருந்த காகிதத்தில், எழுத்தின் கோணல்கூட மாறாமல் வரைந்து காட்டினாள். சத்தியம் செய்தாள். திர்சா காகிதத்தைப் பார்த்துச் சிரித்தாள், அழுதுகொண்டே. இதைவிட நல்ல எழுத்து நீ வகுப்பில் போடுவாயே என்றாள்.

"உன் மேல எனக்கு அந்தக் காலத்துலேர்ந்தே பொறாமைடி. எல்லாத்தையும் முறையா செய்வ. என் மனசு இவ்வளவு பெருசு இல்ல," என்று சொல்லி அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு மூக்கைத் துடைத்துவிட்டு, அறிக்கை நேற்றே அச்சுக்குப் போய்விட்டது என்றும், இரண்டாவது கேக்கில் பேரீச்சை இருக்கிறது, சாப்பிடு என்றும் சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தாள்.

ஹெம்தா பார்த்துக்கொண்டே நின்றாள். திர்சா ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி, கையை வீசி, பாரம் இறங்கியவளாகச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தாள். யனோவாக் எங்கே என்று அவளுக்குத் தெரியாது. இனி எந்த நாளும் தெரியப்போவதில்லை. ஹெம்தாவுக்கு அவள் மேல் அப்படி ஒரு பொறாமை வந்தது.