வளைவில் இறுகாத மணல்

இன்று காலை கிரான்லி மேட்டில் நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். வரிசை சரியாக வந்தாலும், நான் பார்த்தது சரிதானா என்ற சந்தேகம் போகவில்லை.

பெய்த மழை தார்ச்சாலை மேல் அப்படியே உறைந்திருந்தது. சாலைக்கு மணல் இறைக்கும் எய்லிஃப் தன் லாரியைப் பின்னோக்கி ஓட்டியே மேடேறினார்; அப்படி ஓட்டினால்தான் பின்புறம் இறைக்கும் மணல் மேலேயே சக்கரம் ஏறும். வெந்நீர் கலந்த மணல் அது. பனிக்கட்டியைக் கொஞ்சம் உருக்கி, அதிலேயே பதிந்து இறுக வேண்டும். இறுகிவிட்டால் உப்புத்தாள் மாதிரி பிடிக்கும். அதற்குள் கனரக வண்டி வேகமாகப் போனால் மணல் தெறித்து ஈரம் மட்டும் மிஞ்சும், முன்பைவிட மோசம்.

இறுகியபின் காரை ஓட்டி, பிரேக் அடித்து, சாலையின் பிடிப்பை அளப்பது என் வேலை. உச்சியில் லாரியைக் குறுக்கே நிறுத்தி இருவரும் காத்திருந்தோம்.

மேலே உள்ள பண்ணைகளிலிருந்து கீழே இறங்க வேண்டிய பால் டேங்கர் வந்து நின்றது. ஓட்டியது எய்லிஃபின் தம்பி யூஸ்டைன்.

“என்னண்ணே, மணல் போட்டியா, கஞ்சி ஊத்தினியா?”

“பொறுடா. இன்னும் இறுகல.”

“எனக்கு ஏற்கெனவே லேட்டு. உனக்கென்ன, காப்பி குடி!”

“கொஞ்ச நேரம்தான்டா.”

“சின்ன வயசுல பனிச்சறுக்குத் தாவு மேடை உச்சியில நின்னும் இதேதான் சொன்ன. கடைசில தாவாம ஏணி வழியா இறங்கின ஆளு! ரக்னா, இந்தக் கதை தெரியுமா உனக்கு?”

நான் சிரித்துவிட்டேன். எய்லிஃபின் முகம் சிவந்தது. காலடி மணலைப் பூட்ஸால் தேய்த்தார். மணல் அசையவில்லை.

“பிடிச்சிருச்சு. போய்த் தொலை.”

“கீழ வளைவுல நான் இன்னும் அளக்கலயே…” என்றேன். வழிவிட லாரியைக் கிளப்பிவிட்டார்; அந்தச் சத்தத்தில் அவருக்குக் கேட்டதா, தெரியாது.

உச்சியில் காற்று அடிக்கும், சீக்கிரம் இறுகும். வளைவு மர மறைவில் இருக்கிறது. அங்கே டேங்கர் திரும்பவில்லை. நேராக வழுக்கிப் போய் மரங்களில் மோதியது.

நாங்கள் ஓரமாக நடந்து இறங்கினோம். யூஸ்டைன் நினைவோடு இருந்தார். கால்கள் மாட்டியிருந்தன.

“அண்ணே, கஞ்சிதான் ஊத்தியிருக்க,” என்றார். எய்லிஃப் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆம்புலன்ஸ் கீழிருந்து வந்தது. டேங்கர் போன பக்கத்தில் மணலெல்லாம் தெறித்துப் போயிருந்தது. மறுபக்கத்தில் ஆம்புலன்ஸ் வழுக்காமல் ஏறியது. தம்பியை ஏற்றிச் சென்றபின், எய்லிஃப் ஆம்புலன்ஸ் ஏறிய பக்கத்தில் மண்டியிட்டு மணலை நகத்தால் சுரண்டினார். ஒரு பொடிகூட வரவில்லை.

“இப்ப அள, ரக்னா,” என்றார்.

அளந்தேன். நல்ல பிடிப்பு. எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை.