இருபத்தெட்டு 'இல்லை'கள்

1

இந்தக் கதை கற்பனையில் உதித்தது என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. உண்மையில் இது ஒரு டயரியிலிருந்து வந்தது. ஒரு நோயாளியின் பெயரில் உள்ள மருந்து டயரி. அதில் நான்காவது பத்திக்கு மேலே 'இன்று ஏதேனும் உபாதை உண்டா?' என்று அச்சடித்திருக்கும். கீழே இருபத்தெட்டு நாளுக்கும் வரிசையாக இருபத்தெட்டு 'இல்லை'. நோயாளியின் டயரிதான், ஆனால் கையெழுத்து என்னுடையது.

திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கடைக்கு வருவதற்கு முன் புது மருந்தை ஆட்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் ட்ரையல் நடக்கிற இடம். தமிழ் பேசும் நோயாளி வந்தால் நர்ஸ் ஷிஜா நேராக என் மேஜைக்கு அனுப்பிவிடுவாள். நான் வலியசாலைக்காரி, வீட்டில் தமிழ். போதாததற்குத் தமிழில் கதையும் எழுதுகிறேன். இந்த இரண்டாவது விஷயத்தை ஆபீசில் யாருக்கும் சொன்னதில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஏன் என்று தெரியும்.

2

எழுதிப் பார்த்துக் கைவிட்ட தொடக்கங்கள்:

[அடித்தது] பிச்சைக்கனி சாரத்தில் ஏறி நின்றபோது தூரத்தில் கடல் தெரிந்தது.

(கழக்கூட்டம் பகுதியில் அவர் வேலை பார்த்த கட்டடத்தின் முதல் மாடியிலிருந்து கடல் தெரியாது. பக்கத்து ஃபிளாட்டின் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். போய்ப் பார்த்தேன்.)

[அடித்தது] மருந்து என்பது ஒரு நம்பிக்கை.

(இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.)

[அடித்தது] அன்று சனிக்கிழமை. எனக்கு நாலரைக்கு ஒரு

(இங்கே நிறுத்திவிட்டேன். கதை இருப்பது இந்த இடத்தில்தான். அங்கே போக எனக்குத் தைரியம் வரவில்லை.)

அடித்ததை ஏன் அழிக்காமல் விட்டிருக்கிறாள் என்று கேட்பீர்கள். எங்கள் வேலையில் தவறாக எழுதியதை வெள்ளை மை பூசி மறைக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு போட வேண்டும், அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் இருக்க வேண்டும். டயரியில் காட்டாத நேர்மையைக் கதையில் காட்டிக்கொண்டிருக்கிறேன். இது எதற்கும் ஈடாகாது.

3

மருந்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதைப் பற்றிப் பேசும்போது என் குரல் நடுங்குவதில்லை.

சர்க்கரை வியாதி முற்றினால் சிலருக்குப் பாதம் எரியும். ரத்தத்தில் கூடிப்போன சர்க்கரை, காலுக்குப் போகும் நரம்புகளைக் கெடுத்துவிடுகிறது. கெட்டுப்போன நரம்பு, நெருப்பே இல்லாத இடத்தில் 'நெருப்பு, நெருப்பு' என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். எங்கள் மாத்திரை அந்தக் கூச்சலை அடக்குகிறது. ஆனால் விழுங்கிய மாத்திரை ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகும். பாதத்து நரம்பு எது, தலைக்குள் நம்மை நிலையாக நிற்க வைக்கிற நரம்பு எது என்று அதற்குத் தெரியாது. அளவு கூடினால் இரண்டையும் சேர்த்து அடக்கிவிடும்.

அதனால்தான் முதலில் எலிக்குக் கொடுக்கிறார்கள், பிறகு நோயில்லாத சிலருக்கு, பிறகு நோயாளிகளுக்கு. நோயாளிகளில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தப் பட்டியலை உறையில் போட்டு ஒட்டி வைத்திருப்பார்கள், கடைசியில்தான் பிரிப்பார்கள். இந்தத் தெரியாமையில் நான் எவ்வளவு சுகமாக ஒளிந்துகொண்டேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எலியால் பேச முடியாது. ஒரு மனிதனுக்கு மருந்து கொடுத்துப் பார்ப்பதே அவன் வாயால் சொல்வான் என்பதற்காகத்தான். சொல்வதைக் கேட்டு எழுத ஒரு ஆளை உட்கார வைத்திருக்கிறார்கள். அந்த ஆள் நான்.

4

பிச்சைக்கனிக்கு நாற்பத்தாறு வயது. நாங்குநேரிப் பக்கம். பழவங்காடிக்குப் பின்னால் ஒரு சந்தில், ஊர்க்காரர்கள் நாலு பேரோடு ஒரே அறையில் தங்கி, கட்டட வேலைக்குப் போகிறவர். தன் பெயரை எழுதுவார், அதற்கு மேல் எழுத வராது. அப்படிப்பட்டவர்களுக்கு நாங்கள் தினமும் போன் செய்து, கேட்டு, டயரி எழுத வேண்டும் என்பது விதி. மாதம் ஒருமுறை அவர் வரும்போது மொத்தமாகக் கேட்டு எழுதுவது எங்கள் வழக்கம்.

(என் பழைய கதை ஒன்றில் இவரை 'அவன்' என்று எழுதியிருந்தேன். நேரில் 'அண்ணாச்சி, உட்காருங்க' என்பேன். கதைக்குள் வந்ததும் என் மரியாதை கழன்றுவிட்டது. இந்த முறை கவனமாக இருக்கிறேன்.)

5

சரி. சனிக்கிழமை.

எனக்கு நாலரைக்கு வலியசாலையில் ஓர் இலக்கியக் கூட்டம். பஞ்சாபகேசன் மாமா வீட்டு மாடியில் மாதம் ஒருமுறை பத்துப் பதினைந்து பேர் கூடுவோம். அன்று என் கதையை வாசிப்பதாக ஏற்பாடு. சாரத்தில் நின்று வேலை பார்க்கும் ஒரு கூலித் தொழிலாளியின் எரியும் பாதங்களைப் பற்றிய கதை. அந்தப் பாதங்கள் யாருடையவை என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

பிச்சைக்கனி மூன்றரைக்கு வந்தார். காலி அட்டைகளை எண்ணினேன். ஐம்பத்தாறு மாத்திரையும் தீர்ந்திருந்தது, கணக்குச் சரி. பிறகு டயரியை விரித்து, பின்னாலிருந்து ஒவ்வொரு நாளாகக் கேட்டேன். அவருக்குத் தேதி நினைவிருக்காது, வேலை நினைவிருக்கும். கான்கிரீட் போடும் நாளை வார்ப்பு என்பார்.

"எரிச்சல் எப்படி இருக்கு அண்ணாச்சி?"

"இப்பம் நல்லா ஒறங்குதேன் மேடம். முன்னயெல்லாம் தீயில வச்ச மாரி கெடக்கும்."

"போன செவ்வாய்க்கெழமை?"

"வார்ப்பு அன்னைக்கா? அன்னைக்குத் தலை கெறங்கிச்சு மேடம். சாரத்தப் புடிச்சிட்டு கொஞ்ச நேரம் நின்னேன். பொறவு சரியாயிட்டு."

"வெயில்ல நின்னிருப்பேள்."

"வெயிலு எல்லா நாளுந்தான இருக்கு. வார்ப்பு அன்னைக்கு எறங்க நேரமாவும்லா? அதுனால சாயங்கால மாத்திரையையும் சேத்துக் காலையிலயே போட்டுட்டு ஏறிருவேன். இந்த மாசம் நாலு வார்ப்பு. நாலு நாளும் கெறங்கிச்சு. அதுனால இருக்குமோ?"

இந்தக் கேள்வியைத் தயவுசெய்து இன்னொரு முறை படியுங்கள். ஒரு மருந்தை ஆராய்கிறவர் கேட்க வேண்டிய கேள்வி அது. அளவு கூடிய நாளில் மட்டும் உபாதை வருகிறது என்பதை, எழுதத் தெரியாத அந்த மனிதர் நாலு நாளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தார். நான் பதினோரு வருஷமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

'ஆம்' என்று எழுதியிருந்தால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். படுக்க வைத்து ஒரு முறை, நிற்க வைத்து ஒரு முறை ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், ஈசிஜி எடுக்க வேண்டும், தனியாக ஒரு படிவம் நிரப்ப வேண்டும். மாத்திரையைச் சேர்த்துப் போட்டதற்கு இன்னொரு படிவம். இரண்டு மணி நேரமாவது ஆகும். சுவர்க் கடிகாரம் மூன்று ஐம்பது காட்டியது.

"அப்படிச் சேர்த்துப் போடப்படாது அண்ணாச்சி. காலைல ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு. சரியா?"

"சரி மேடம்."

எழுதினேன். இல்லை. இல்லை. இல்லை. பேனா ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை. நாலு பத்துக்கு ஆட்டோ பிடித்தேன்.

6

கூட்டத்தில் கதை நன்றாகவே போயிற்று. முடிந்ததும் பஞ்சாபகேசன் மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"பாஷை நன்னா இருக்கு ஸ்மிதா. ஆனா அந்தக் கூலிக்காரன் ரொம்ப நல்லவனா இருக்கானே? ஒரு கோவம், ஒரு கள்ளத்தனம், ஒண்ணும் காணோம். நம்ப முடியலையே."

பவ்யமாகத் தலையாட்டிக் குறித்துக்கொண்டேன். இப்போது இந்தக் கதையை எழுதும்போதும் அந்தக் குறிப்பு பக்கத்தில் இருந்தது. பாத்திரத்துக்கு ஒரு குறை வைத்துப் பார்த்தேன்.

[அடித்தது] அவன் தலை சுற்றியதை என்னிடம் சொல்லவே இல்லை.

[அடித்தது] அவன் அன்று லேசாகக் குடித்திருந்தான்.

இரண்டாவது வரி வாசிக்கக் கச்சிதமாக இருந்தது. பாத்திரம் நம்பும்படி ஆகிவிட்டது, நானும் தப்பித்துவிட்டேன். இலக்கியத்தின் பெயரில் எவ்வளவு கேவலமான வேலையெல்லாம் செய்ய முடிகிறது.

7

பதினோராம் நாள், புதன்கிழமை, அவர் முதல் மாடிச் சாரத்திலிருந்து விழுந்தார். வார்ப்பு நாள்.

[அடித்தது] விழும்போது அவர் மனதில் தோன்றியது

(எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.)

இடது தொடை எலும்பு முறிந்து கம்பி வைத்தார்கள். ட்ரையலில் இருக்கும் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால், காரணம் மருந்தா என்று டாக்டர் முடிவு செய்து எழுதி அனுப்ப வேண்டும். எங்கள் டாக்டர் அபிஜித் நல்ல மனிதர். இத்தனை வருஷமாக என் கையெழுத்தைச் சந்தேகப்பட்டதில்லை.

"ஸ்மிதே, ஆ டயரி ஒந்நு நோக்கிக்கே. தலகறக்கம் வல்லதும் எழுதியிட்டுண்டோ?"

தலைச்சுற்றல் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று கேட்கிறார். டயரி என் கையில்தான் இருந்தது. பக்கத்தைப் புரட்டுகிற மாதிரி புரட்டினேன்.

"இல்லா, டாக்டர்."

'கால் வழுக்கி விழுந்தது. மருந்துக்குத் தொடர்பில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அது என் இருபத்தொன்பதாவது 'இல்லை'. முதல் இருபத்தெட்டை அவசரம் என்று சொல்லலாம். இதற்குப் பெயர் பொய்.

8

பிச்சைக்கனியை ஆஸ்பத்திரியிலிருந்து அவர் தங்கும் அறைக்கு அனுப்பிய பிறகு ஒருநாள் பார்க்கப் போனேன். ஒரு டஜன் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு. குற்றவாளிகள் வெறுங்கையோடு போவதில்லை.

கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தார். கூடத் தங்கியிருக்கும் உச்சிமாகாளி ஸ்டூலை என் பக்கம் தள்ளிவிட்டு, நிற்காமல் பேசினார்.

"காண்ட்ராக்டரு என்ன சொல்லிட்டு நடக்கான் தெரியுமா மேடம்? குடிச்சிட்டு விழுந்தான்னு. இவன் சோடாவே குடிக்க மாட்டான். இனி கால் சரியானாலும் எவன் இவன சாரத்துல ஏத்துவான்? ஊருக்கும் போன் போட்டுச் சொல்லிட்டானுவ. இவன் மகளுக்குப் பாத்து வச்ச எடத்துல, அப்பன் குடிகாரனான்னு கேக்காவ."

"விடுடே," என்றார் பிச்சைக்கனி. பிறகு என்னைப் பார்த்தார். "நான் செஞ்சது தப்புதான் மேடம். நீங்க சொல்லியும் அன்னைக்கு ரெண்டச் சேத்துப் போட்டுட்டேன். நீங்க சாதாரணமாச் சொன்னீங்களா, நானும் சாதாரணமா எடுத்துக்கிட்டேன்."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. என்னை நோகவைக்கக் கூடாது என்றுதான் சொன்னார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"ஒரு லெட்டர் மட்டும் தருவீங்களா? மாத்திரைய ரெண்டு போட்டா தலை கெறங்கும், இவன் மொதல்லயே எங்ககிட்ட சொல்லியிருக்கான், குடிக்கல, அப்படின்னு ஒரு ரெண்டு வரி. நீங்கதான அன்னைக்கு டயரில எழுதினீங்க."

நான் எழுதியிருக்கிறேன் என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல என் பேனா ஓடியதை அவர் கண்ணால் பார்த்தவர்.

"டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன் அண்ணாச்சி," என்றேன். ஹார்லிக்ஸ் பாட்டிலை அவர் தலைமாட்டில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

9

முடிவுகள்.

முதல் முடிவு: அவள் டாக்டர் அபிஜித்தின் அறைக்குள் போய் எல்லாவற்றையும் சொல்கிறாள். டயரியில் நாலு இடத்தில் கோடு விழுகிறது. விசாரணை நடக்கிறது, வேலை போகிறது. கடிதம் பிச்சைக்கனி கைக்குப் போய்ச் சேர்கிறது. (நாலு முறை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவள் கதவைத் தட்டும் இடத்தில் நடை செயற்கையாகிவிடுகிறது. அவளுக்குப் பழக்கமில்லாத காரியம்.)

இரண்டாம் முடிவு: இரண்டு வருஷம் கழித்து உறையைப் பிரிக்கிறார்கள். பிச்சைக்கனி சாப்பிட்டது வெறும் மாவு மாத்திரை. தலை சுற்றியது வெயிலால்தான். மருந்துக்கும் விழுந்ததற்கும் சம்பந்தமில்லை, அவள் எழுதிய டயரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. (இதை எழுதியபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், இந்தக் கதையிலேயே அசிங்கமான இடம் அதுதான். மாவாக இருந்தாலும் அவர் சொன்னதை எழுதாதது எழுதாததுதான். அவர் குடிகாரன் என்ற பேச்சும் அப்படியேதான் இருக்கும்.)

மூன்றாம் முடிவு: அவள் ஒரு கதை எழுதுகிறாள். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறாள். கூட்டத்தில் வாசிக்கிறாள். இந்த முறை பாத்திரம் நம்பும்படி இருக்கிறது என்கிறார் பஞ்சாபகேசன் மாமா.

(இதுதான் நடக்கப் போகிறது என்று பயமாக இருக்கிறது.)

10

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. ட்ரையலில் ஒருவருக்குப் பெரிய தீங்கு நேர்ந்தால், அது தெரிய வந்த நேரத்திலிருந்து இருபத்து நாலு மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும். என் இருபத்து நாலு மணி நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. இப்போது உங்களுக்கும் தெரியும். உங்கள் தலையில் கட்டிவிட்டு நழுவப் பார்க்கிறேன் என்றால், ஆமாம், அதுதான் செய்கிறேன்.

வருகிற செவ்வாய்க்கிழமை பிச்சைக்கனி உச்சிமாகாளியோடு எக்ஸ்ரே எடுக்க வருகிறார். முடிந்ததும் கடிதம் கேட்டு என் அறைக்கு வருவார். நான் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லை என்று எழுதிப் பார்த்தேன். பொய். நன்றாகவே தெரியும். 'டாக்டர் லீவு அண்ணாச்சி, அடுத்த வாரம் பாக்கலாம்' என்பேன். அவர் 'சரி மேடம்' என்பார். உச்சிமாகாளி மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். அடுத்த வாரமும் இதேதான்.

யாராவது பக்கத்தில் இருந்தால் அந்த வாக்கியம் என் வாயில் வராமல் போகலாம். உறுதியாகச் சொல்ல மாட்டேன், டாக்டர் அபிஜித் பக்கத்தில் நின்றபோதே வந்ததுதானே. ஆனால் அவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

செவ்வாய், காலை பத்து மணி. இரண்டாம் மாடி, லிஃப்டை விட்டு இறங்கினால் இடப்பக்கம் மூன்றாவது அறை. நாற்காலி ஒன்று கூடுதலாகப் போட்டு வைக்கிறேன்.